வறட்சிக்குத் திகதி இல்லை

(கிளிவெட்டியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தப் பேருரையைத் திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு மண்டபத்தில் வைத்திருக்கலாம். கிளிவெட்டியிலேயே வைக்கவேண்டும் என்று அறக்கட்டளையினர் நின்றுகொண்டார்கள். அதில் எனக்கு மனநிறைவு. நான் பேசப்போவது வயலையும் பட்டியையும் பற்றி. இரண்டும் இந்தக் கூரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. தவறாக எதையாவது சொன்னால் எழுந்து திருத்தக்கூடியவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள்.

ஊரில் மூத்தவர்களிடம் கந்தளாய்க் குளக்கட்டு எப்போது உடைந்தது என்று கேளுங்கள். 1986 ஏப்ரல் 20, விடியுமுன் என்று சொல்வார்கள். கடல் ஏறிய நாள் 2004 டிசம்பர் 26. மகாவலி பெருகி மூதூரும் சேருவிலவும் வெருகலும் தண்ணீருக்குள் கிடந்தது 2011 ஜனவரி. இவை எல்லாம் நாவில் நிற்கும் திகதிகள். இனி அதே ஆட்களிடம், 2016–17 வறட்சி எந்த நாளில் தொடங்கியது என்று கேளுங்கள். ஒருவரும் சொல்லமாட்டார். ஐப்பசியில் மழை வரும் என்று விதைத்தோம். கார்த்திகையில் பார்க்கலாம் என்றோம். மார்கழியில் நாலு தூறல் விழுந்தது, நம்பிக்கை வந்தது, போனது. தை பிறந்தபோது குடலையில் இருந்த நெல்லு வெளுத்துக் கிடந்தது. எந்த நாளில் அது வெள்ளாமையாக இருந்து வைக்கோலாக மாறியது என்று யாரால் சொல்லமுடியும்?

வறட்சிக்குத் திகதி இல்லை. அரசாங்கமோ திகதியைக் கொண்டே வேலை செய்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்கிற மனிதனையும் மாட்டையும் பற்றி.

முதலில் அந்த ஆண்டின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2016இல் இலங்கை முழுவதிலும் விளைந்த நெல் ஏறத்தாழ 44 இலட்சம் தொன். 2017இல் அது 24 இலட்சம் தொன்னுக்கு இறங்கியது. ஒரே ஆண்டில் நாட்டின் நெல்லில் பாதிக்குச் சற்றுக் குறைவானது இல்லாமற் போனது. உலக உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து வந்து பார்த்து, 40 ஆண்டுகளில் காணாத வறட்சி என்று எழுதின; 9 இலட்சம் பேருக்கு மேல் போதிய உணவின்றி இருக்கிறார்கள் என்று கணக்கிட்டன. நெல் விளைவிக்கிறவன் கடையில் வெளிநாட்டு அரிசி வாங்கி உண்ட ஆண்டு அது.

அந்த ஆவணியில் என் மாமாவின் பட்டிக்குப் போயிருந்தேன். அம்மாவின் தம்பி அவர். எருமையும் மாடுமாக வைத்திருந்தவர். குளம் சுருங்கி நடுவில் ஒரு மடுவாகிவிட்டது. சுற்றிலும் சேறு. மேலே காய்ந்து பொருக்கு வெடித்து, கீழே களியாக இருக்கும் சேறு. தண்ணீருக்குப் போன ஒரு சினை எருமை வயிறு வரை புதைந்து நின்றது. நாலு பேர் கயிறு போட்டு இழுத்தோம். தென்னோலையை அதன் முன்னால் பரப்பினோம். வெயில் ஏற ஏற அது தலையைத் தூக்குவதை விட்டுவிட்டது. பொழுதுபட ஒருவாறு வெளியே எடுத்தோம். எழுந்து நிற்கவில்லை. மூன்றாம் நாள் செத்தது. எலும்பு எண்ணக்கூடிய உடம்பு. சேறு அதைக் கொல்லவில்லை. முன்பே ஆறு மாதப் பட்டினி அதைக் கொன்றுவைத்திருந்தது.

மாமா நட்டஈடு கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார், நானும் கூடப் போனேன். கொடுத்த படிவத்தில் ‘சேதம் நிகழ்ந்த திகதி’ என்று ஒரு கட்டம். மாமா பேனையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். எருமை செத்த நாளை எழுதுவதா, சேற்றில் இறங்கிய நாளை எழுதுவதா, புல் தீர்ந்த நாளையா? “மழை பெய்யாத நாளெல்லாம் எழுத இதில இடம் காணாது” என்றார். அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. அந்த அலுவலர் நல்ல மனிதர். அவருக்கும் என்ன எழுதச் சொல்வதென்று தெரியவில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பொய். இந்த நாட்டில் பயிர்க் காப்புறுதி 1958இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. நெற்காணிச் சட்டம் வந்த அதே ஆண்டு அது. 1961இல் அதற்கென்று சட்டம் வந்தது. 1973இல் காப்புறுதிச் சபை. 1999இன் 20ஆம் இலக்கச் சட்டத்தோடு இன்றைய கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை. அயல் நாடுகள் பல தொடங்குமுன் நாம் செய்த காரியம். 2013இலிருந்து வங்கிகளும் நிதி நிறுவனங்களும் காப்புறுதிக் கம்பனிகளும் வரி போக மிஞ்சும் இலாபத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாவைப் பயிர்க் காப்புறுதிக்கென்று கட்டவேண்டும் என்று நிதிச் சட்டம் சொல்கிறது. கொழும்பில் ஒரு வங்கி உழைக்கும் இலாபத்தில் ஒரு துளி கிளிவெட்டி வயலுக்கு என்று எழுதிவைத்த சட்டம் இது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 2018 தொடக்கம் நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, சோயா என்ற 6 பயிர்களுக்கும் ஏக்கருக்கு 40,000 ரூபா வரை நட்டஈடு என்று ஏற்பாடானது.

இவ்வளவும் இருந்தும் வறட்சி வரும்போது நாம் ஏன் தனித்துப் போகிறோம்? எனக்குப் படும் காரணம் ஒன்று உண்டு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

காப்புறுதி, அழிந்த பயிருக்குப் பணம் தருகிறது. அழிவதற்கு முதலில் பயிர் ஒன்று இருக்கவேண்டும். போகம் தொடங்குமுன் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுந்து, குளத்தில் இவ்வளவுதான் தண்ணீர், பாதி வட்டையை மட்டும் விதையுங்கள் என்று சொல்கிறார் என்று வையுங்கள். சொல்லைக் கேட்டு விதைக்காமல் விட்டவனுக்கு ஒரு சதமும் இல்லை, ஏனென்றால் அவனிடம் அழிய ஒன்றும் இல்லை. சொல்லைக் கேளாமல் கடன்பட்டு உழுது, விதைத்து, பசளை எறிந்து, கருகக் கொடுத்தவன் நட்டஈட்டுக்கு உரியவன். தண்ணீரைக் காத்தவன் வெறுங்கையோடு போகிறான். இதில் கமக்காரனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் உலை வைக்க வேண்டிய எவனும் விதைக்கத்தான் செய்வான். நானும் விதைப்பேன்.

இதற்கு மாற்று உண்டு, வெகுதூரம் போகவேண்டியதுமில்லை. இந்தியாவில் 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்புறுதித் திட்டத்தில் ‘விதைக்க முடியாமற் போனதற்கு’ என்று தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு பகுதியில் பெரும்பாலான நிலம் மழையின்மையால் விதைக்கப்படாமற் கிடந்தால், காப்புறுதித் தொகையில் காற்பங்கு கொடுக்கப்படும். அந்தத் திட்டத்துக்கு வேறு ஆயிரம் குறை உண்டு. தமிழ்நாட்டுக் கமக்காரர்கள் 2017இல் டெல்லி வரை போய் வீதியில் இருந்தவர்கள், அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அந்தக் காற்பங்குக்குள் இருக்கிற எண்ணம் சரியானது. விதைக்காமல் இருப்பதும் ஒரு நட்டம் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது.

நம் முன்னோருக்கும் அது தெரியும். உலர்வலயத்தின் பழைய குளக்கிராமங்களில் பெத்ம என்று ஒரு முறை. குளத்தில் தண்ணீர் போதாத ஆண்டில் ஊரார் கூடி, துருசுக்கு அண்மையில் இருக்கும் வயலை மட்டும் செய்வோம் என்று தீர்மானிப்பார்கள். அந்த வயல் யாருடையதாக இருந்தாலும் சரி, அந்தப் போகத்துக்கு அதை எல்லோருக்கும் பங்கிடுவார்கள். கடைசி வாய்க்காலில் காணி வைத்திருப்பவனுக்கும் மேல் வாய்க்காலில் ஒரு துண்டு கிடைக்கும். வறட்சி நிவாரணம் என்ற சொல் பிறக்குமுன்னே இருந்த வறட்சி நிவாரணம் அது. அதைக் கொடுத்தது அயலவன். கொடுத்த நேரம் விதைப்புக்கு முன்.

அந்த நேரம்தான் என் பேச்சின் முழு விடயமும். பெத்ம பங்கிடும்போது ஒருவனும் இன்னும் ஒரு புசல் விதைநெல்லை எறிந்திருக்கமாட்டான். இழக்குமுன் உதவி வந்துவிட்டது. நமக்கு வரும் உதவியோ இழந்தபின், இழந்ததை நிரூபித்தபின், பெரும்பாலும் அடுத்த விதைப்பும் தாண்டியபின் வருகிறது. தொகை குறைவு என்று நாம் ஒவ்வொரு முறையும் கத்துகிறோம். தொகையை விட நேரம் பெரிது என்று நான் நினைக்கிறேன். ஐப்பசியில் வரும் பத்தாயிரம் ரூபா ஆவணியில் வரும் நாற்பதாயிரத்தை விடப் பெறுமதியானது. பத்தாயிரத்தால் ஒருவன் கடன்படாமல் தப்பலாம். நாற்பதாயிரம் வட்டிக்கே போகும்.

வட்டி என்றதும் இன்னொன்றைச் சொல்லவேண்டும். 2018இல் அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது. வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், நுண்கடன் கம்பனிகளிடம் பெண்கள் வாங்கித் திருப்பிக் கட்டமுடியாமற் போன ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வது என்பது அது. வறட்சி வயலில் இருப்பதில்லை, வீட்டுக்குள் வந்து கடன் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அரசு கண்ட அரிய தருணங்களில் அதுவும் ஒன்று. பயிர் கருகிய வீட்டில் முதலில் அடகுக்குப் போவது தாலிக்கொடி. வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்கும் கடன்காரருக்குப் பதில் சொல்வது வீட்டுப் பெண். இந்தக் கூட்டத்தில் இருக்கும் தாய்மாருக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

இனி மாடு. நீர்ப்பாசனத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் மாட்டைக் கடைசியில் வைத்து, நேரமில்லை என்று முடித்துவிடுவார்கள். நான் நேரம் எடுத்தே பேசப்போகிறேன்.

வெருகலாறு மகாவலியின் ஒரு கிளை. அது கடலை நோக்கி வரும் தாழ்நிலத்தில் வில்லு என்னும் பள்ளங்கள் இருக்கின்றன. மாரியில் ஆறு பெருகி அவற்றில் ஏறும். கோடையில் வற்ற வற்ற, ஈரம் விட்ட இடமெல்லாம் புல் எழும். கச்சான் வீசி ஊரே காய்ந்து கிடக்கும் மாதங்களில் பச்சை கிடைப்பது அங்கே. பெரும்போகத்தில் வயலிலிருந்து மாட்டை அப்புறப்படுத்தி மேட்டுக்காட்டுக்கு ஓட்டுவதும், அறுவடை முடிந்தபின் அரிவெட்டுத் தாளுக்கு இறக்குவதும், கோடை முற்றினால் வில்லுக்குப் போவதும் பட்டிக்காரருடைய ஆண்டுச் சுற்று. எவரும் எழுதிவைக்காத வறட்சித் திட்டம் அது.

அந்தச் சுற்று இப்போது பல இடங்களில் அறுந்துவிட்டது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்துத் திருப்பினார்கள். 1980களில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல என்று மேலே அணைகள் எழுந்தன. நாட்டுக்கு மின்சாரம் வந்தது, புது வயல் வந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு முன்போல் பெருகாவிட்டால் வில்லும் முன்போல் நிறையாது. அதே பத்தாண்டில் ஆற்றுச் சமவெளியின் பெரும் பகுதிகள் தேசியப் பூங்காக்கள் ஆயின. அங்கே மாடு நுழைந்தால் குற்றம். யானைக்கு அந்த நிலம் வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். மாட்டுக்கு எங்கே என்ற கேள்விக்குத்தான் இன்னும் விடை வரவில்லை. தெற்கே மட்டக்களப்பு எல்லையில் மயிலத்தமடு, மாதவனைப் பட்டிக்காரர்கள் 2023 செப்டெம்பரில் வீதியில் இறங்கி மாதக்கணக்கில் இருந்ததும் இதே கேள்வியோடுதான்.

யுத்தத்தை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 2006 ஜூலையில் மாவிலாற்றுத் துருசை விடுதலைப் புலிகள் மூடினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயலுக்கும் வாய்க்கும் தண்ணீர் நின்றது. அந்தத் துருசடியில் தொடங்கிய சண்டை நம் பிரதேசம் முழுவதையும் கிளப்பியது. சம்பூர்ப் பக்கத்திலிருந்து உடுத்த துணியோடு ஓடியவர்கள் மட்டக்களப்புக்குப் போய், பிறகு இதே கிளிவெட்டியில் இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்கில் தகரக் கூரையின் கீழ் இருந்தார்கள். ஓடும்போது மாட்டைக் கட்டிவைக்க முடியாதே, அவிழ்த்துவிட்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது குறி சுட்ட மாடுகளைக் காணவில்லை. 1958இன் மிருகங்கள் சட்டப்படி மாட்டுக்குக் குறியும் சீட்டும் வேண்டும். மாடும் போய், சீட்டும் எரிந்துபோன ஒருவன் இத்தனை மாடு எனக்கு இருந்தது என்று எப்படிக் காட்டுவான்? அதற்குப் பிறகு கஷ்டப்பட்டு மீண்டும் பெருக்கிய பட்டியைத்தான் 2017 வறட்சி அள்ளிக்கொண்டு போனது.

நான் மேலே சொன்ன 6 பயிர்களில் மாடு இல்லை. கால்நடைக் காப்புறுதி தனியே உண்டு. கட்டுப்பணம் கட்டி, காதில் இலக்கம் குத்திய மாடு செத்தால் பணம். பாலுக்காக வீட்டில் நாலு பசு வளர்ப்பவருக்கு அது உதவும். காட்டில் நூறு மாடு விட்டிருப்பவருக்கு அது எட்டாது. அதற்கும் மேலாக, அங்கேயும் மாடு சாகவேண்டும். செத்த மாட்டுக்குப் பணம் தருவதை விட உயிரோடு நிற்கும் மாட்டுக்கு வைக்கோல் தருவது மலிவு. இதை உலகம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது.

கென்யாவின் வடக்கே மார்சபிட் என்ற வறண்ட மாவட்டத்தில் 2010இல் ஒரு காப்புறுதி தொடங்கினார்கள். யாரும் போய்ச் செத்த மாட்டை எண்ணுவதில்லை. செய்மதி மேலிருந்து நிலத்தின் பச்சையைப் பார்க்கிறது; பச்சை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் காப்புறுதி எடுத்த எல்லோருக்கும் பணம். தொடக்கத்தில், இவ்வளவு மாடு செத்திருக்கும் என்று மதிப்பிட்டுக் கொடுத்தார்கள். பிறகு, 2015இல் கென்ய அரசு தன் திட்டத்தைத் தொடங்கியபோது நோக்கத்தையே மாற்றினார்கள். சாவதற்கு முன், தீனும் தண்ணீரும் வாங்கப் பணம் கொடு என்பதே புது நோக்கம். அமெரிக்காவில் 1999 முதல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வறட்சி வரைபடம் ஒன்று வெளியாகிறது. ஒரு பிரதேசத்தின் நிறம் கடுமையைத் தொட்டுத் தொடர்ந்து சில வாரம் அப்படியே நின்றால், அங்கே மேய்ச்சல் நிலத்தில் மாடு வளர்ப்பவர் தீனிச் செலவில் ஒரு பங்கைக் கேட்கலாம். 2014இலிருந்து அது நிரந்தரச் சட்டம். மாமா பேனையோடு தவித்த அந்தக் கட்டத்தை, அந்த நாட்டில் வரைபடமே நிரப்பிவிடுகிறது.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நம்மிடம் இருப்பதே போதும். ஒவ்வொரு துருசடியிலும் அடிக்கணக்கு எழுதிய கம்பம் நிற்கிறது. மழைமானி இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் 1946இலேயே அதற்கு இடம் கொடுத்துவிட்டது. தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடியும் நாள், மாடு அகற்றும் நாள், தண்டப்பணம் எல்லாம் அங்கே தீர்மானமாகிறது. அதே கூட்டத்தில் இன்னொரு வரியையும் எழுதலாம். கம்பத்தில் தண்ணீர் இத்தனை அடிக்குக் கீழே இருந்தால் இந்தப் பிரதேசத்தில் இன்றே வறட்சி தொடங்கிவிட்டது என்ற வரி. அந்த நாளே திகதி. விதைக்காமல் விடச் சொன்ன ஒவ்வோர் ஏக்கருக்கும் காப்புறுதியில் ஒரு பங்கு அந்த நாளிலிருந்து உரித்தாகட்டும். குத்தகைக்குச் செய்பவருடைய பெயரும் உரியவர்களின் பட்டியலில் வரட்டும். காணிக்காரர் பட்டினத்தில் இருக்க, வெயிலில் நிற்பவர் அவர்தானே. மாடு அகற்றும் நாளை எழுதும்போது, எங்கே அகற்றுவது என்பதையும் எழுதுங்கள். இன்றைக்கு அந்தக் கூட்டத்தில் மாட்டைப் பற்றிப் பேசுவது தண்டப்பணத்துக்காக மட்டும். பட்டிக்காரரையும் அழைத்து உட்காரவைத்துப் பேசவேண்டும்.

வைக்கோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பு சூடடித்த களத்தில் வைக்கோற்போர் நிற்கும். இப்போது அறுவடை இயந்திரம் வயல் முழுக்கத் தாளை இறைத்துவிட்டுப் போகிறது, நாம் நெருப்பு வைக்கிறோம். மாசியில் எரிப்பது ஆடியில் உயிர். கட்டுக்கட்டும் இயந்திரம் ஒன்றைக் கமக்காரர் அமைப்புக்கு மானியமாகக் கொடுத்தால், நல்ல போகத்தின் வைக்கோலைச் சேர்த்துவைக்கலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைத்தால் சத்து ஏறும். கால்நடைத் திணைக்களம் நெடுங்காலமாகச் சொல்லித்தரும் முறைதான். செய்வதற்கு வைக்கோல் கையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இந்த உரையை எழுதத் தொடங்கியபோது மாமாவிடம் போனேன். அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. பட்டி சிறுத்துவிட்டது, ஆனாலும் விடியலில் எழுந்து எண்ணாமல் தேத்தண்ணி குடிப்பதில்லை. அந்த வருஷம் அரசாங்கம் உங்களுக்கு என்ன தந்திருக்கவேண்டும் மாமா என்று கேட்டேன். எருமைக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“பங்குனியில ரெண்டு லோட் வைக்கோல், மருமகன். ஆனியில கிழமைக்கு ஒரு பவுசர் தண்ணி. அந்தச் சினை எருமை மடுவுக்கு இறங்கியிருக்காது.”

பிறகு வேலிப்பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார்.